சைக்கிளை விட்டு இறங்க மறுத்த கிள்ளான்



கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் நம் பிள்ளைகள் இன்று காரிலும் மோட்டார் சைக்கிளிலும் பறக்கிறார்கள். எதிரே யார் வந்தாலும் வண்டியை நிறுத்தி, இறங்கி, ஒதுங்கி நிற்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. ஆனால் இதே கிள்ளான் வட்டாரத்தில், தன் சொந்தக் காசில் வாங்கிய சைக்கிளில் போகும் தமிழன், எதிரே தோட்டத்துத் துரை வந்தால் இறங்கி நிற்க வேண்டும் என்றொரு காலம் இருந்தது. துரைக்கு மட்டுமல்ல, அவருக்குக் கீழே வேலை செய்த கிராணிக்கும் அதே மரியாதை காட்ட வேண்டும்.

இனி இறங்க மாட்டோம் என்று அந்த மக்கள் 1941ஆம் ஆண்டில் சொன்னார்கள். அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். கிள்ளான் வேலைநிறுத்தம் என்றால் கூலி உயர்வுக்காக நடந்த போராட்டம் என்றுதான் நம்மில் பலரும் கேள்விப்பட்டிருக்கிறோம். உண்மையில் அது கூலிக்கு மட்டும் நடந்த போராட்டமா? அந்த மக்கள் வைத்த கோரிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் விடை கிடைக்கும்.

தோட்டத்தின் மேல் எழுந்த நகரம்

முதலில் இடத்தைப் புரிந்துகொள்வோம். கோலாலம்பூரைக் கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடாவோடு இணைத்த ரயில் பாதை 1886இல் திறக்கப்பட்டது. பின்னர் அது கிள்ளானுக்கும், அங்கிருந்து கடற்கரைக்கும் நீண்டது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்றைய போர்ட் கிள்ளான் அதுதான். ஒரு பக்கம் ரயில், மறுபக்கம் துறைமுகம், நடுவிலே ரப்பர் தோட்டங்கள். ரயில் வேலைக்கு வந்த நம்மவர்கள் பிரிக்பீல்ட்ஸில் குடியேறினார்கள். பால் வெட்ட வந்தவர்கள் கிள்ளானைச் சுற்றியிருந்த தோட்டங்களில் லயன் வீடுகளில் அடைந்தார்கள்.

இன்று நாம் நகரம் என்று சொல்லும் பல இடங்கள் அன்று தோட்டங்களே. பெட்டாலிங் ஜெயா எஃபிங்ஹாம் தோட்டத்தில் உருவானது. சுபாங் ஜெயா சீபீல்ட் தோட்டத்தின் மேல் எழுந்தது. ஷா ஆலம் நிற்குமிடம் சுங்கை ரெங்கம் தோட்ட வட்டாரம். ஆகவே கிள்ளான் பள்ளத்தாக்கின் நகர வரலாற்றை எழுத வேண்டுமானால், பெரட்டுக் களத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தோட்டம் என்பது அன்று தனி உலகம். நிலம் கம்பெனிக்குச் சொந்தம், வீடும் கம்பெனிக்குச் சொந்தம். கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. உறவினரோ நண்பரோ பார்க்க வருவதற்கும் நிர்வாகத்தின் தயவு வேண்டும். பள்ளி வயதில் 10 பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. சட்டம் இருந்தது. ஆனால் பல தோட்டங்களில் பள்ளி என்பது ஒரு கொட்டகை, ஆசிரியர் என்பவர் வேறு வேலைக்கு நடுவே பாடம் சொல்லும் ஒருவர் என்றே இருந்தது.

ஏன் 1941?

அந்த ஆண்டில் அப்படி என்ன நடந்தது? மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதல் காரணம், போர். 1939இல் ஐரோப்பாவில் போர் மூண்டதும் மலாயாவின் ரப்பருக்கும் ஈயத்துக்கும் தேவை பெருகியது. ரப்பரை விற்று வரும் அமெரிக்க டாலர் பிரிட்டனின் போர்ச் செலவுக்குக் கைகொடுத்தது. கம்பெனிகளுக்கு லாபம் ஏறியது, சாமான் விலையும் ஏறியது. ஆனால் பால் வெட்டும் நம் தொழிலாளியின் ஒருநாள் கூலி 50 காசு என்ற அளவிலேயே நின்றது. அதே வேலையைச் செய்த சீனத் தொழிலாளிக்கு அதைவிடக் கூடுதலாகக் கிடைத்தது.

இரண்டாவது, தமிழகத்திலிருந்து புதிய ஆட்கள் வருவது நின்றது. 1938இல் இந்திய அரசாங்கம், உதவித் தொகையில் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது. ஒருவன் எதிர்த்துப் பேசினால் அவனை விரட்டிவிட்டுக் கப்பலில் வேறு ஆளைக் கொண்டுவரலாம் என்ற நிலை மாறியது. இருக்கும் தொழிலாளிக்கு மதிப்பு கூடியது.

மூன்றாவது, புதிய சிந்தனை. பெரியார் 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயா வந்தார். நேரு 1937இல் வந்தார். தமிழ் நேசன் 1924 முதல் கோலாலம்பூரிலிருந்து வெளிவந்துகொண்டிருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, பத்துப் பேர் சுற்றி அமர்ந்து கேட்ட காலம் அது. அந்தத் தமிழ் நேசனில் துணையாசிரியராக இருந்தவர்தான் ஆர்.எச்.நாதன். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழியாகத் தோட்ட மக்களை ஒன்றுசேர்த்தவர்களில் அவர் முன்னணியில் நின்றார்.

பன்னிரண்டு கோரிக்கைகள்

1941ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் பரவின. தொழிலாளர்கள் வைத்தவை பன்னிரண்டு கோரிக்கைகள்.

சீனத் தொழிலாளருக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்பது முதலாவது. பத்து, பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழி என்பது மற்றொன்று. இவை இரண்டும் வேலை, கூலி சம்பந்தப்பட்டவை. மற்றவை என்ன தெரியுமா?

பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். முறையான மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். பேசவும் கூடவும் சுதந்திரம் வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். எங்கள் பெண்களிடம் வெள்ளையரும் மற்ற அதிகாரிகளும் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும். கொடுமை செய்யும் மேற்பார்வையாளர்களை நீக்கி, தமிழ் பேசத் தெரிந்தவர்களை அமர்த்த வேண்டும். குறை சொல்பவரைப் பழிவாங்கக் கூடாது. சங்கம் வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும். துரைக்கும் மற்ற அதிகாரிகளுக்கும் எதிரே சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை என்றாக வேண்டும்.

எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டில் இரண்டுதான் கூலியும் வேலை நேரமும். மற்றவை எல்லாம் பள்ளி, மருத்துவம், பெண்களின் மானம், பேச்சு, சங்கம், சாலை. ஒரு நகரத்தில் மனிதனாக வாழ ஒருவனுக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

வெளியிலிருந்து வந்த சிலர் அப்பாவித் தொழிலாளிகளைத் தூண்டிவிட்டார்கள் என்று அன்றைய அதிகாரிகள் சொன்னார்கள். நாதன் பத்திரிகைக்காரர், படித்தவர், அது உண்மை. ஆனால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் அவமானம் வெளியாள் சொல்லித் தெரிய வேண்டியதா? மகள் வேலைக்காட்டுக்குப் போனால் நல்லபடியாகத் திரும்ப வேண்டுமே என்ற தாயின் பயத்தை யார் தூண்டிவிட முடியும்? அந்தக் கோரிக்கைகள் லயத்து வாசலில் பிறந்தவை.

இன்னொன்றையும் நாம் மறைக்காமல் பேச வேண்டும். வண்டியை விட்டு இறங்கி ஒதுங்கி நிற்கும் பழக்கத்தை வெள்ளைக்காரன் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தோட்டத்துக்கு வந்தவர்களில் பெரும் பகுதியினர் ஊரில் சாதியால் ஒடுக்கப்பட்டவர்கள். மேல்சாதித் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்த கொடுமை அவர்களுக்குத் தெரியும். திருவிதாங்கூரில் அய்யன்காளி 1893இல் தடையை மீறிப் பொதுச் சாலையில் வில்லுவண்டி ஓட்டினார். 1955இல் அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் பேருந்து இருக்கையை விட்டு எழுந்திருக்க மறுத்தார். அந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நடுவில், கிள்ளானில் நம் மக்கள் சைக்கிளை விட்டு இறங்க மறுத்தார்கள். முன்னிரண்டையும் உலகம் கொண்டாடுகிறது. மூன்றாவதை நாமாவது நினைக்க வேண்டாமா?

மே மாதத்து ரத்தம்

முதல் கட்ட வேலைநிறுத்தத்துக்குப் பின் முதலாளிகள் இறங்கி வந்தார்கள். 50 காசு 60 காசாயிற்று. சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி மட்டும் கிடைக்கவில்லை. மானம் சார்ந்த கோரிக்கைகளும் அப்படியே நின்றன. அரசாங்கத்தின் கண்ணில் உறுத்தியது பத்துக் காசு அல்ல, சங்கம்தான். மே மாதத் தொடக்கத்தில் நாதனைக் கைது செய்தார்கள்.

அத்தோடு அடங்கிவிடுவார்கள் என்று நினைத்தார்கள். நடந்தது வேறு. தலைவரை விடுதலை செய் என்று தோட்டம் தோட்டமாக மக்கள் மீண்டும் வேலையை நிறுத்தினார்கள். வேலைநிறுத்தம் கிள்ளானைத் தாண்டிப் பரவியது. மாத நடுப்பகுதியில் சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. ராணுவம் வந்தது. ஜப்பானியரை எதிர்க்கக் கொண்டுவரப்பட்டிருந்த இந்தியப் படைவீரர்களையே இந்தியத் தொழிலாளிகளுக்கு எதிராக நிறுத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் 5 பேர் உயிரிழந்தார்கள். பலர் கைதானார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். மேலும் பலர் அதே வழியில் அனுப்பப்பட்டார்கள்.

ஏழு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூர் விழுந்தது. யாருக்காகச் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியிருந்ததோ, அந்தத் துரைமார் தோட்டங்களை விட்டுவிட்டுத் தெற்கே ஓடினார்கள். தொழிலாளிகளுக்கோ அடுத்த சோதனை காத்திருந்தது. சயாம் மரண ரயில் பாதைக்குப் போன ஆயிரக்கணக்கான நம்மவர்கள் திரும்பி வரவே இல்லை.

என்ன மிஞ்சியது?

சுட்டுத் தள்ளிய போராட்டம் தோற்றதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அன்று தோற்றது உண்மை. ஆனால் போருக்குப் பின் தோட்டங்களில் தொழிற்சங்கங்கள் எழுந்தபோது, சங்கம் என்றால் என்ன என்று கிள்ளான் மக்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1941இல் குற்றமாக இருந்தது, பிறகு உரிமையானது.

இன்று கிள்ளான் தோட்டங்களுக்கு நடுவே கிடக்கும் சிற்றூர் அல்ல. 2024ஆம் ஆண்டில் அது அரச மாநகராட்சி என்ற தகுதியைப் பெற்றது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் தாமான்களாகவும் கடைத் தொகுதிகளாகவும் மாறிவிட்டன. லயத்தில் பிறந்தவர்களின் பேரப் பிள்ளைகள் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள். தமிழ் நேசனும் 2019இல் நின்றுவிட்டது. 1941இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர் இன்று உயிரோடு இருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருப்பார். இன்னும் சில ஆண்டுகளில், பார்த்தவர் என்று சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்.

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள்.

ஒன்று, உங்கள் குடும்பத்தில் தோட்டத்தில் வாழ்ந்த முதியவர் இருந்தால் உடனே அவரோடு உட்காருங்கள். கையிலிருக்கும் தொலைபேசியில் அவர் பேச்சைப் பதிவு செய்யுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், கள்ளுக்கடை எங்கே இருந்தது, பள்ளிக்கூடம் எங்கே இருந்தது என்று கேளுங்கள். பெட்டியில் கிடக்கும் பழைய சம்பளச் சீட்டையும் சங்க அட்டையையும் தூக்கி எறியாதீர்கள். அரசாங்கத்தின் பழைய கோப்புகளில் அதிகாரிகளின் குரல் இருக்கிறது. நம் பாட்டன் பாட்டியின் குரலை நாம்தான் சேர்த்து வைக்க வேண்டும்.

இரண்டு, கிடைத்த உரிமையைப் பயன்படுத்துங்கள். குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு நம்மில் எத்தனை பேர் போகிறோம்? தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எத்தனை நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன? சாக்கடை அடைத்தால் காப்பிக் கடையில் அலுத்துக்கொள்கிறோம், மாநகராட்சிக்கு ஒரு கடிதம் எழுதுவதில்லை. கூடுவதற்கும், பேசுவதற்கும், குறை சொன்னால் பழிவாங்கப்படாமல் இருப்பதற்கும் உயிரையே கொடுத்துக் கேட்டவர்கள் வாழ்ந்த மண் இது.

சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமையை அவர்கள் கேட்டார்கள். அந்தச் சாலையில்தான் நாம் இன்று தலை நிமிர்ந்து போகிறோம்.