‘டிக் டிக் டிக்’ எங்கே கோட்டைவிட்டது? எண்ணூரில் விழுந்த சினிமா விண்கல்லும் பழவேற்காட்டின் நிஜ ராக்கெட்டும்

வடசென்னை எண்ணூரில் வானத்திலிருந்து ஒரு கல் விழுகிறது. உயிர்ப்பலி ஏற்படுகிறது. அடுத்து அதைவிடப் பல மடங்கு பெரிய கல் ஒன்று வங்கக் கடலை நோக்கி வருகிறது. அது விழுந்தால் சுனாமி எழும், கோடிக்கணக்கானோர் சாவார்கள். 2018 ஜூன் 22-ல் வெளியான ‘டிக் டிக் டிக்’ படத்தின் தொடக்கம் இதுதான்.

எண்ணூரிலிருந்து அதே கடற்கரையில் வடக்கே போனால் பழவேற்காடு. அதற்கும் வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. இந்தியா செயற்கைக்கோள்களை ஏவும் இடம். வானத்திலிருந்து எது விழும், எப்போது கடலுக்குப் போகலாம் என்ற கேள்வி இங்குள்ள மீனவ கிராமங்களுக்குப் புதுசு இல்லை. இவ்வளவு பொருத்தமான இடத்தில் தொடங்கிய படம் ஏன் ஏமாற்றம் தந்தது? படத்தில் எது நிஜம், எது கற்பனை? முழு விவரம் இதோ.

படத்தின் கதை என்ன?

ஜெயம் ரவி (இப்போது ரவி மோகன்) மேஜிக் கலைஞராக நடித்திருந்தார். பூட்டை உடைப்பதும் தப்பிப்பதும் அவருக்குக் கைவந்த கலை. அவரையும் இரண்டு நண்பர்களையும் சிறிது காலப் பயிற்சி கொடுத்து விண்வெளிக்கு அனுப்புகிறார்கள். அங்கே சீன விண்வெளி நிலையத்தில் ஒளித்து வைத்திருக்கும் அணு ஏவுகணையைத் திருட வேண்டும். அதை வைத்துப் பூமியை நோக்கி வரும் கல்லைத் தகர்க்க வேண்டும்.

நிவேதா பெத்துராஜ், சிங்கப்பூர் நடிகர் ஆரோன் அஜீஸ் ஆகியோரும் நடித்திருந்தார்கள். இயக்கம் சக்தி சௌந்தர் ராஜன். 2016-ல் ‘மிருதன்’ மூலம் தமிழுக்கு ஜாம்பி கதையைக் கொண்டுவந்தவர். இசை டி.இமான். அவருக்கு இது 100-வது படம்.

‘இந்தியாவின் முதல் விண்வெளிப் படம்’ என்று விளம்பரம் செய்தார்கள். ஆனால் 1963-லேயே எம்.ஜி.ஆர். நடித்த ‘கலை அரசி’ படத்தில் வேற்றுக்கிரகவாசிகள் வந்துவிட்டார்கள்.

ஏமாற்றம் எங்கே?

சின்ன பட்ஜெட்டில் இவ்வளவு கிராஃபிக்ஸா என்ற பாராட்டு படத்துக்குக் கிடைத்தது. அது நியாயமான பாராட்டுதான். கூடவே ‘லாஜிக் எங்கே?’ என்ற கேள்வியும் எழுந்தது. எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்களை விண்கல்லுக்கு அனுப்பும் 1998-ம் ஆண்டு ஹாலிவுட் படம் ‘ஆர்மகெடான்’ பலருக்கு ஞாபகம் வந்தது.

ஆனால் லாஜிக் மட்டும் பிரச்சினை இல்லை. மாஸ் படங்களில் லாஜிக்கை மன்னிக்க நம் ரசிகர்களுக்குத் தெரியும். பெரிய குறை வேறு. ஆபத்து யாருக்கு என்பதே படத்தில் மங்கிப் போகிறது. எண்ணூரில் கல் விழுந்த பிறகு கதை கட்டுப்பாட்டு அறைக்கும் விண்கலத்துக்கும் தாவிவிடுகிறது. கரையில் இருப்பவர்களுக்கு யார் சொன்னார்கள்? அவர்கள் எங்கே போனார்கள்? படகு, வலை எல்லாம் என்ன ஆனது? இதற்குப் பெரிதாக இடமில்லை. கோடிப் பேர் சாவார்கள் என்று வசனத்தில் சொல்கிறார்கள், ஆனால் அந்தக் கோடியில் ஒருவரைக்கூட நமக்கு நெருக்கமாகத் தெரியாது. அதனால் கடிகாரம் ஓடினாலும் பதற்றம் ஏறவில்லை.

அதே இயக்குநர் 2022 செப்டம்பரில் ஆர்யாவை வைத்து எடுத்த ‘கேப்டன்’ படத்தில் விசித்திர உயிரினங்களோடு ராணுவ வீரர்கள் மோதினார்கள். அதற்கும் வரவேற்பு கிடைக்கவில்லை.

சரி, நிஜத்தில் இந்தக் கரையில் என்ன நடக்கிறது?

ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டில் என்ன நடக்கும்?

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவிலும், தெற்குப் பகுதி திருவள்ளூர் மாவட்டத்திலும் இருக்கிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. ஏவுதளத்திலிருந்து பழவேற்காடு ஊர் 30 கிலோமீட்டருக்குச் சற்று அதிக தூரம். ராக்கெட் கிளம்பும்போது முதலில் நெருப்பு வெளிச்சம் தெரியும். சத்தம் வந்து சேர ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் ஆகும்.

ஏவுவதற்கு முன்பே கோரைக்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம் போன்ற ஊர்களுக்கு அறிவிப்பு வந்துவிடும். குறிப்பிட்ட நேரத்தில் கடலுக்குப் போகக் கூடாது என்பதே அது. கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசாரும் கண்காணிப்பார்கள். கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் தனித்தனி எச்சரிக்கை போகும்.

காரணம் எளிமையானது. ராக்கெட் மேலே போகும்போது எரிந்து முடிந்த பகுதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிடும். அவை கடலில்தான் விழும். எந்தப் பகுதி எங்கே விழும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, அந்த இடங்களைக் காலியாக வைக்கிறார்கள்.

ராக்கெட் தவறினால்?

பாதை தவறினால் கரையைக் காப்பாற்ற ஒரே வழி, அதை வானத்திலேயே அழிப்பது. இது நடந்திருக்கிறது. 2010 டிசம்பர் 25-ல் ஜிஎஸ்எல்வி எஃப்06 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிடத்துக்குள் கட்டுப்பாட்டை இழந்தது. தரையிலிருந்து அழிப்புக் கட்டளை போனது. துண்டுகள் வங்கக் கடலில் விழுந்தன. அப்போது கடல் காலியாக இருப்பது எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. 1979 ஆகஸ்ட் 10-ல் எஸ்எல்வி-3 ராக்கெட்டின் முதல் முயற்சியும் வங்கக் கடலில்தான் முடிந்தது. 1980 ஜூலை 18-ல் அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது.

கழன்று விழும் பாகங்கள் எல்லாம் மூழ்கிவிடும் என்றும் சொல்ல முடியாது. 2019 டிசம்பரில் புதுச்சேரி வம்பாகீரப்பாளையம் மீனவர்கள் கடலில் கிடந்த ராக்கெட் பாகத்தைக் கரைக்கு இழுத்து வந்தார்கள். அது பிஎஸ்எல்வி ராக்கெட்டின் பக்கவாட்டு பூஸ்டர். 2023-ல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கடற்கரையில் ஒதுங்கிய பெரிய உருளையும் பிஎஸ்எல்வியின் மூன்றாம் நிலையாகவே இருக்க வாய்ப்பு அதிகம் என்று அந்நாட்டு விண்வெளி அமைப்பு சொன்னது.

கடலிலோ கரையிலோ இப்படி எதையாவது பார்த்தால் தொடாமல் போலீசாருக்குத் தகவல் சொல்வதே பாதுகாப்பு. உள்ளே மிச்ச எரிபொருளோ வெடிக்கும் பொருளோ இருக்கலாம்.

மீனவர்களுக்கு இதில் என்ன இழப்பு?

கடலுக்குப் போகாத நாளில் வருமானம் இல்லை. ஃபைபர் படகுக்காரருக்கு மட்டுமல்ல, ஐஸ் போடுபவர், ஏலம் எடுப்பவர், கூடை சுமந்து விற்கும் பெண்கள் என்று எல்லோருக்கும் அன்று வேலை குறையும்.

ராக்கெட் கிளம்புவது தள்ளிப்போனால் சிக்கல் இன்னும் கூடும். சந்திரயான்-2 அதற்கு நல்ல உதாரணம். 2019 ஜூலை 15 அதிகாலையில் கிளம்ப வேண்டியது, 56 நிமிடங்களுக்கு முன் நிறுத்தப்பட்டது. ஜூலை 22-ல்தான் ஏவப்பட்டது. இப்படித் தள்ளிப்போகும்போது ஒரே ராக்கெட்டுக்காகக் கரையில் இரண்டு முறை காத்திருக்க வேண்டும்.

‘கடல் இல்லாட்டி ஏரி இருக்கே’ என்று தோன்றலாம். அது அவ்வளவு சுலபம் இல்லை. பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்க ‘பாடு’ என்ற பழைய முறை இருக்கிறது. எந்த இடத்தில் யார், எந்த முறையில் வலை விடுவது என்று ஊரே ஒழுங்கு வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும். கடலுக்குப் போக முடியாத எல்லோரும் ஒரே நாளில் ஏரியில் இறங்க முடியாது. முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைபட்டால் ஏரிக்குள் இறாலும் மீனும் வருவது குறையும், படகு கடலுக்குப் போவதும் சிரமம்.

இதற்கிடையே ஏவுதல்கள் கூடப்போகின்றன. 2025 ஜனவரி 29-ல் ஸ்ரீஹரிகோட்டா தனது 100-வது ஏவுதலை முடித்தது. அதே மாதம் 3,984.86 கோடி ரூபாயில் மூன்றாவது ஏவுதளம் அமைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஏவுதல் கூடினால் கடல் மூடும் நாட்களும் கூடும்.

படத்தில் வருவது போல விண்கல் வந்தால்?

முதலில் ஒரு விளக்கம். விண்வெளியில் சுற்றும் பாறை சிறுகோள். அதன் துண்டு பூமியில் வந்து விழுந்தால் விண்கல்.

சிறிய கல்லே பெரிய சேதம் செய்யும் என்பது உண்மை. 2013 பிப்ரவரி 15-ல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே சுமார் 20 மீட்டர் அளவுள்ள பாறை வானத்திலேயே வெடித்தது. சுமார் 1,500 பேர் காயமடைந்தார்கள். பலரையும் காயப்படுத்தியது கல் அல்ல, அதிர்ச்சி அலையில் உடைந்த ஜன்னல் கண்ணாடி. வானத்தில் பளிச்சென்று வெளிச்சம் வந்தால் வேடிக்கை பார்க்க ஜன்னல் பக்கம் போகக் கூடாது என்பது அங்கே கிடைத்த பாடம்.

கடைசி நேரத்தில் குண்டு போட்டுக் காப்பாற்றுவது நிஜத்தில் மிகவும் கடினம். விஞ்ஞானிகள் விரும்புவது வேறு வழி. பல வருடங்களுக்கு முன்பே கண்டுபிடித்து, லேசாகத் தள்ளிவிட வேண்டும். 2022 செப்டம்பர் 26-ல் நாசாவின் டார்ட் விண்கலம் சுமார் 160 மீட்டர் அளவுள்ள டைமார்ஃபஸ் மீது வேண்டுமென்றே மோதியது. அதன் சுற்றுப்பாதை நேரம் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் குறைந்தது. அணுகுண்டு என்பது வேறு வழியே இல்லாதபோது பேசப்படும் கடைசி வாய்ப்புதான்.

விண்வெளியில் அணு ஆயுதம் வைக்க முடியுமா?

1967-ம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம் சுற்றுப்பாதையில் அணு ஆயுதம் நிறுத்துவதைத் தடை செய்கிறது. இந்தியா, சீனா இரண்டும் அதில் இருக்கின்றன. இன்னொரு விஷயம், படம் வந்த நேரத்தில் சீன விண்வெளி நிலையம் எதிலும் வீரர்கள் தங்கியிருக்கவில்லை. தியான்காங்-1 நிலையம் 2018 ஏப்ரலில்தான் தென் பசிபிக் கடலில் எரிந்து விழுந்திருந்தது. இப்போதைய நிலையத்தின் முதல் பகுதி போனது 2021-ல்.

இந்தியாவிலும் அப்போது மனிதரை அனுப்பும் ராக்கெட் தயாராக இல்லை. படம் வந்து இரண்டு மாதம் கழித்து, 2018 ஆகஸ்ட் 15-ல் பிரதமர் ககன்யான் திட்டத்தை அறிவித்தார். அந்த ராக்கெட்டும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் கிளம்பும். 2023 அக்டோபர் 21-ல் அதன் ஒரு சோதனை நடந்தபோது, வீரர்கள் அமரும் கலம் பாராசூட்டில் இதே கடலில் இறங்கியது. கடற்படை அதை மீட்டது.

சுனாமி பற்றி படம் சொல்வது சரியா?

விண்கல்லுக்குக் காத்திருக்கத் தேவையே இல்லை. 2004 டிசம்பர் 26-ல் சுமத்ரா அருகே நிலநடுக்கம் வந்து சுமார் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அலை தமிழகக் கரையைத் தொட்டது. தப்பிக்க நேரம் இருந்தும், கரையில் இருந்தவர்களுக்குச் சொல்ல ஏற்பாடு இல்லை. அதன் பிறகுதான் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் செயல்படத் தொடங்கியது.

‘டிக் டிக் டிக்’ தவறவிட்டது இதைத்தான். ஆபத்து வருவதை அறை ஒன்றில் சிலர் தெரிந்துகொண்டால் போதாது. அது குப்பத்தில் கடைசி வீடு வரை நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

இப்போது பயப்பட வேண்டுமா?

2024 டிசம்பரில் கண்டுபிடிக்கப்பட்ட ‘2024 ஒய்ஆர்4’ சிறுகோள், 2032 டிசம்பர் 22-ல் பூமியைத் தாக்க 3.1 சதவீத வாய்ப்பு இருப்பதாக 2025 பிப்ரவரியில் கணக்கிடப்பட்டது. சாத்தியப் பாதையில் தெற்காசியாவும் இருந்ததால் வாட்ஸ்அப்பில் பீதி பரவியது. அடுத்த சில நாட்களில் கூடுதல் தகவல் கிடைத்ததும் அந்த வாய்ப்பு கிட்டத்தட்ட பூஜ்யமானது. 2029 ஏப்ரல் 13-ல் அபோஃபிஸ் என்ற சிறுகோள் பூமியிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் உயரத்தில் கடக்கும். அதனால் ஆபத்து இல்லை.

தென் மாவட்ட மீனவர்கள் ஏன் கவனிக்க வேண்டும்?

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கி நேராக ஏவினால் பாதையில் இலங்கை வரும். அதனால் ராக்கெட் வளைந்து போகிறது, எரிபொருள் வீணாகிறது. இதைத் தவிர்க்கவே தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் சிறிய ராக்கெட்டுகளுக்கான ஏவுதளம் வருகிறது. 2024 பிப்ரவரி 28-ல் பிரதமர் அடிக்கல் நாட்டினார்.

அங்கே ஏவுதல் தொடங்கியதும் அந்தக் கடலும் குறிப்பிட்ட நேரங்களில் மூடப்படும். எத்தனை நாளுக்கு முன் சொல்வார்கள், தேதி தள்ளிப்போனால் என்ன செய்வார்கள், இழந்த நாளுக்கு ஈடு உண்டா? பழவேற்காட்டுக்காரர்களின் இந்த அனுபவத்தை இப்போதே கேட்டு வைத்துக்கொள்வது தெற்குக் கரைக்கு உதவும்.