ஆளிச் சரத்தை எப்போது நீரில் இறக்கலாம்?

காயலிலும் உப்பங்கழியிலும் ஆளி வளர்ப்பவர்களுக்கு விதைக்கென்று தனிச் செலவு பெரும்பாலும் இல்லை. குஞ்சுகள் நீரோடு மிதந்து வந்து, கயிற்றில் கோத்துத் தொங்கவிட்ட பழைய ஆளி ஓடுகளில் தாமே ஒட்டிக்கொள்ளும். ஆனால் சரத்தை இறக்கும் நாள் தவறினால் அந்தப் பருவமே வீணாகிவிடும்.

ஆளியின் முட்டையும் விந்தும் நீரில்தான் கலக்கின்றன. ஒரு பெண் ஆளி லட்சக்கணக்கில் முட்டைகளை விடும். பொரித்த குஞ்சு ஏறத்தாழ 15 முதல் 20 நாட்கள் நீந்தித் திரியும். பிறகு சுத்தமான, கெட்டியான பரப்பைத் தேடி ஒட்டும். ஒட்டியபின் இடம் மாறாது. முட்டை விட ஆளியைத் தூண்டுவது முக்கியமாக நீரின் உப்புத்தன்மையிலும் வெப்பத்திலும் ஏற்படும் மாற்றம்.

கேரளத்தின் அஷ்டமுடிக் காயலை எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழையில் கல்லடை ஆற்று வெள்ளம் இறங்கி, உப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. மழை ஓய்ந்து உப்பு ஏறியதும், நவம்பர், டிசம்பர் மாதங்களில் குஞ்சுகள் ஒட்டுகின்றன. அடுத்த மழைக்கு முன்பே, மே மாதத்துக்குள் அறுவடையை முடித்துவிடுகிறார்கள்.

இதைக் கேள்விப்பட்டு, பழவேற்காட்டிலும் முட்டுக்காட்டிலும் நவம்பரிலேயே சரம் இறக்கிவிடாதீர்கள். நமக்கு வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் கொட்டும்; சரம் கலங்கிய வெள்ளநீரில்தான் தொங்கும். கோடையில் வேறு தொல்லை. முகத்துவாரத்தை மணல் அடைத்தால் ஓத நீர் உள்ளே வராது, உப்பு கடலைவிடவும் ஏறிவிடும். ஆகவே மாதத்தை நம்பாமல் நீரைப் பாருங்கள். இறால் பண்ணைக்காரர்களிடம் இருக்கும் உப்புமானியே போதும். 10 பிபிடிக்குக் கீழே இருந்தால் காத்திருங்கள்.

உப்பு சரியாகிவிட்டதென்று எல்லாச் சரங்களையும் ஒரே நாளில் இறக்குவதும் சரியல்ல. இங்குதான் பலருக்கு நட்டம் வருகிறது. குஞ்சு வருவதற்கு முன்பே இறக்கிய ஓட்டில் சேறு படியும். கொட்டலசு முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்துவிடும். பின்னால் வரும் ஆளிக் குஞ்சுக்கு ஒட்ட இடமிருக்காது. முதலில் நாலைந்து சோதனைச் சரங்களை மட்டும் கட்டுங்கள். வாரம் ஒருமுறை தூக்கி, ஓட்டின் அடிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். சேறு குறைவாகப் படியும் பக்கம் அதுதான். வெண்மையாக, உச்சியில் துளையுள்ள சிறு கூம்பு தெரிந்தால் அது கொட்டலசு. தட்டையாக, பழுப்பு நிறத்தில் ஓட்டோடு ஓடாகப் படிந்திருந்தால் ஆளிக் குஞ்சு. அது தென்பட ஆரம்பித்ததும் மற்றச் சரங்களைத் தாமதிக்காமல் இறக்கிவிடுங்கள்.

ஓடுகளை நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே கோக்க வேண்டும். ஒரு சரத்துக்கு ஐந்தாறு ஓடு போதும். நடுவே 10 முதல் 15 செ.மீ. இடைவெளி விடுங்கள். நெருக்கிக் கோத்தால் ஓடு மிச்சமாகாது, குஞ்சுதான் மூச்சுத் திணறும். கடைசி ஓடு தரையைத் தொடாமல் தொங்கட்டும். தொட்டால் சேறு மூடும், நண்டும் ஏறும்.