தோளும் மரக்கட்டையும்

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, சிராங்கூன் சாலையை அடுத்த பேரர் பார்க் திடலில் ஏறத்தாழ 40,000 இந்தியப் படைவீரர்கள் மேஜர் புஜிவாராவிடமும், அவர் வழியாகக் கேப்டன் மோகன் சிங்கிடமும் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அவர்கள் ஏந்திய துப்பாக்கியைப் பற்றி எழுதுவார் அரியர். பிரிட்டிஷாரிடமிருந்து கைப்பற்றப்பட்ட அந்த லீ என்ஃபீல்டு துப்பாக்கிகளே பின்னர் இந்திய தேசிய இராணுவத்திற்கும் படைக்கலமாயின.

ஏறக்குறைய 4 கிலோ எடை. 113 சென்டிமீட்டர் நீளம். குழலைத் தழுவி நிற்கும் மரம் வேறு, தோளில் பதியும் அடிக்கட்டை வேறு. அடிக்கட்டையைத் துப்பாக்கியோடு பிணைப்பது அதனுள்ளே நெடுகச் செல்லும் ஒரே திருகாணி. பின்புறப் பித்தளைத் தகட்டிலுள்ள சிறு மூடியைத் திறந்தால், எண்ணெய்க் குப்பியும் குழலைத் துடைக்கும் கயிறும் வைக்கும் குழி தெரியும். அந்தத் திருகாணியைக் கழற்றிய பிறகு, பழைய கட்டையை நீக்கி வேறொன்றைப் பொருத்திவிடலாம்.

அவ்வாறு பொருத்துவதற்கென்றே கட்டைகள் பல அளவுகளில் செய்யப்பட்டன. நெட்டையர்க்கு அரை அங்குலம் நீண்டது. குட்டையர்க்கு அரை அங்குலம் குறைந்தது. முழு அங்குலம் குறைந்ததும் உண்டு. அளவைக் காட்டும் எழுத்து மரத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கட்டை நீண்டுவிட்டால் கன்னம் சரியாகப் பதியாது, விரல் விசையை எட்டாது, பின்னுதைப்பு தோள்மூட்டைத் தாக்கும். சட்டைக்கு அளவெடுப்பதைப் போலத் துப்பாக்கிக்கும் அளவெடுத்தார்கள் என்பது நம் மாணவர்க்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் அந்த அளவுகள் யாவும் ஆடவர் உடலை எண்ணி வகுக்கப்பட்டவையே.

1943 ஜூலை 12ஆம் நாள், டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் திரட்டிய சுமார் இருபது பெண்கள், வெண்ணிறப் புடைவையுடன் அணிவகுத்து நேதாஜிக்கு மரியாதை செலுத்தினர். அவர்கள் கைகளில் இருந்தவை ஆடவர் படையிடம் இரவல் வாங்கிய லீ என்ஃபீல்டுகள். பழகுவதற்குக் கிடைத்ததோ சில நாட்களே. அவ்வாண்டு அக்டோபர் 22இல் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் வாட்டர்லூ தெருவில் தொடங்கியது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்து சேர்ந்த தமிழ்ப் பெண்கள் அப்படையில் மிகுதி. பால்மரம் சீவிய கைகள் படைக்கலம் ஏந்தின. பிறர் உடலுக்கென அளவெடுத்த மரக்கட்டையைத் தோளில் சாத்தி அவர்கள் குறி பார்த்தனர். அப்படையின் வீரத்தைப் பேசுவோர் இந்த உடல் வருத்தத்தையும் கணக்கில் சேர்த்தல் தகும்.

1945இல் போர் முடிந்தது, படை கலைந்தது. 1967இல் சிங்கப்பூரில் தேசிய சேவை தொடங்கியது. அதே ஆண்டில் நிறுவப்பட்ட சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் எம் 16 துப்பாக்கியை உரிமம் பெற்றுச் செய்தது. அதன் அடிக்கட்டை பிளாஸ்டிக்கால் ஆனது. அதற்குப் பின் வந்த, இந்நாட்டிலேயே வடிவமைக்கப்பட்ட சார் 21 துப்பாக்கியில் தோட்டாப் பெட்டி விசைக்குப் பின்னால் அமைந்திருப்பதால் அதன் மொத்த நீளமே 80 சென்டிமீட்டர் அளவில் அடங்கிவிடுகிறது. அதிலும் மரம் இல்லை.