மைக் செட்டும் ஈயப் பற்றும்

திருமங்கலம் வட்டாரத்தில் காதுகுத்து, சடங்கு, முளைப்பாரி என எதுவானாலும் முதல்நாளே வந்து இறங்குவது மைக் செட். அந்நாளில் ஆம்ப்ளிஃபயர், குழாய் ஸ்பீக்கர், ரெக்கார்டு பிளேயர், மின்சாரம் எட்டாத ஊருக்கு 12 வோல்ட் பேட்டரி. 1940இல் தொடங்கிய டெல்லி நிறுவனமான அஹூஜாவின் பெட்டிகள் இத்தொழிலில் பெயர் பெற்றவை. பாடிக் கெட்டதைவிட, கரிசல் பாதையில் வண்டியில் குலுங்கிக் கெட்ட பெட்டிகளே மெக்கானிக்குகளுக்கு அதிகம் சோறு போட்டிருக்கும்.

பெட்டியைச் சரிசெய்யத் தேவையான ஈய வேலை இங்கே பழையது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் நவச்சாரம் தூவித் தெருத்தெருவாக அதைச் செய்தனர். ஆனால் நவச்சாரம் ரேடியோ வேலைக்கு ஆகாது. மிஞ்சும் உப்பு ஈரத்தை உறிஞ்சிச் செம்புக் கம்பியை அரித்துவிடும். ரேடியோ கடைக்கு உகந்தது பைன் மரப் பிசினான ரோசின்.

டிரான்சிஸ்டருக்கு முந்தைய வால்வு செட்டில் கம்பியை டேக்கில் முறுக்கிய பிறகே ஈயம் வைத்தார்கள். ஈயம் விட்டாலும் கம்பி பிடித்துக்கொண்டிருக்கும். ஆபத்து வேறிடத்தில் இருந்தது. செட்டை அணைத்த பின்னும் கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடுவது கடைப்பழக்கம். ரெசிஸ்டர் வழியே வடிப்பதுதான் முறை.

டிரான்சிஸ்டர் 1947இல் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. அது மெல்ல மைக் செட்டுக்குள் வந்தபோது, உடன் வந்த அச்சிட்ட போர்டில் பாகத்தின் எடை முழுவதையும் மெல்லிய செம்புத் தகடும் ஈயமுமே தாங்கவேண்டியிருந்தது. சூடேறி ஆறும்போது உலோகமும் போர்டும் ஒரே அளவில் விரிவதில்லை. கொஞ்ச காலத்தில் பாகத்தின் காலைச் சுற்றி வளையமாக விரிசல் விழும். கடைக்காரர் சொல்லும் ‘டிரை சால்டர்’ இதுதான். தட்டினால் பாடும், சூடானால் நின்றுவிடும். மெல்லிசைக் குழுவின் கிட்டார் ஆம்ப்பில் முதலில் விடுவது பெரும்பாலும் ஒயர் செருகும் ஜாக்கின் பற்று. மேடையில் ஒயரை இழுக்காதவர் யார்?

உலர்ந்த மரக்குச்சியால் ஒவ்வொரு பாகமாகத் தட்டினால் கரகரப்பு இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, கண்டென்சரை வடித்துவிட்டு, பழைய ஈயத்தை உறிஞ்சி எடுக்க வேண்டும். புதியவர் ஈயத்தை அயர்ன் நுனியில் உருக்கிச் சொட்டவிடுவார். அது உருண்டையாக மேலே உட்காருமே தவிர ஒட்டாது. காலையும் செம்பையும் சேர்த்து இரண்டு மூன்று விநாடி சூடாக்க, அந்தச் சூட்டில் ஈயம் தானே உருகிப் பரவ வேண்டும். இறுகும்வரை ஆடக் கூடாது. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த கம்பி 183 டிகிரி செல்சியஸில் உருகும். நல்ல பற்று பளபளக்கும்.

2000இல் வந்த ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவெளியில் ஒலிபெருக்கியைத் தடுத்தன. குழாய்கள் குறைந்து பெட்டி ஸ்பீக்கர்கள் வந்தன. பழுதான போர்டை அப்படியே மாற்றுவது வழக்கமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் காரீயத்தைக் கட்டுப்படுத்திய பின், வெளிநாட்டுக் கருவிகளில் 217 டிகிரிக்கு மேல் உருகும் காரீயமற்ற ஈயம் பரவியது. அதில் நல்ல பற்றே மங்கலாகத்தான் இருக்கும். பளபளப்பை வைத்துத் தரம் பார்த்துப் பழகிய மெக்கானிக்குக்கு அதெல்லாம் டிரை சால்டராகவே தெரியும்.