குடலைப் பார்ப்பதும் பார்க்காமல் விடுவதும்

2021 நவம்பர் 19 அன்று அமெரிக்க அதிபரின் அதிகாரம் 85 நிமிடத்துக்குக் கைமாறியது. போர் இல்லை, சதி இல்லை, தேர்தலும் இல்லை. ஜோ பைடனுக்குக் கொலனாஸ்கோப்பி. மயக்க மருந்தில் கிடக்கிறவர் ராணுவத்துக்குத் தலைவராக இருக்க முடியாது என்பதால் அதிகாரத்தைத் துணை அதிபர் கமலா ஹாரிஸிடம் எழுதிக் கொடுத்தார். அந்நாட்டு வரலாற்றில் அந்த அதிகாரம் ஒரு பெண்ணின் கைக்கு வந்தது அதுவே முதல் தடவை. இதற்கு முன்மாதிரிகளும் உண்டு. 1985 ஜூலையில் ரொனால்ட் ரீகனின் பெருங்குடலில் பெரிய கட்டி ஒன்று கொலனாஸ்கோப்பியில் தெரிந்தது. மறுநாள் அறுவை சிகிச்சை. சுமார் எட்டு மணி நேரம் அதிகாரம் ஜார்ஜ் புஷ்ஷிடம் இருந்தது. 2002இலும் 2007இலும் மகன் புஷ் இதே பரிசோதனைக்காக அதிகாரத்தைச் சில மணி நேரம் இறக்கி வைத்தார்.

அந்த 85 நிமிடத்தை ஏற்றவரின் தாய், சென்னையில் பிறந்து அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் ஆய்வாளராக வாழ்ந்த சியாமளா கோபாலன், 2009இல் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தவர். இதை விதியின் விளையாட்டு என்று எழுதிவிட்டுப் போவது வாரப் பத்திரிகைகளின் வேலை. நமக்கு வேண்டியது வேறு கேள்வி. யாருடைய குடல் பார்க்கப்படுகிறது? யாருடைய குடல் கடைசி வரை பார்க்கப்படாமலே எரிந்தும் புதைந்தும் போகிறது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கொலனாஸ்கோப்பியின் வரலாற்றை வாசித்தால் அது வெறும் கருவியின் வரலாறாக நிற்பதில்லை.

1

உடலின் உள்ளே வெளிச்சம் கொண்டுபோகும் ஆசை பழையது. 1806இல் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவர் ஃபிலிப் போட்சினி, மெழுகுவர்த்தியும் கண்ணாடியும் குழாயும் சேர்த்து ஒரு கருவி செய்தார். வியன்னா மருத்துவப் பீடம் அதை ஏற்கவில்லை. 1868இல் அடால்ஃப் குஸ்மாவுல் இரைப்பைக்குள் நேரான உலோகக் குழாயை இறக்கிப் பார்த்தார். அதற்கு உடம்பு கொடுத்தவர் யார்? வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவர். தொண்டைக்குள் இரும்பை வாங்கப் பழகிய அந்தத் தெருக்கலைஞரின் உடம்பில்தான் விஞ்ஞானம் பாடம் படித்தது. குஸ்மாவுல் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. வித்தைக்காரர் வெறும் 'வித்தைக்காரர்'.

குடல் வளைந்து வளைந்து போவது, ஒளியோ நேராகப் போவது. இந்தச் சிக்கலை அவிழ்த்தது கண்ணாடி இழை. 1954இல் லண்டனில் ஹரோல்ட் ஹாப்கின்ஸும் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும், முடி போன்ற கண்ணாடி இழைகளின் கற்றை வழியே வளைந்த பாதையிலும் பிம்பத்தைக் கொண்டுபோகலாம் என்று காட்டினார்கள். 1957இல் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் அந்த முறையில் அமைந்த இரைப்பை நோக்கியை முதலில் தன் தொண்டையிலேயே விட்டுப் பார்த்தார். 1963இல் பெர்கைன் ஓவர்ஹோல்ட் பெருங்குடலின் கடைப்பகுதிக்கு வளையும் கருவியைக் கொண்டுவந்தார். 1969இல் நியூயார்க்கில் வில்லியம் வுல்ஃபும் ஹிரோமி ஷின்யாவும் பெருங்குடல் முழுவதையும் பார்த்ததோடு, உள்ளே முளைத்திருந்த 'பாலிப்' எனும் சதை முளையைக் கம்பிச் சுருக்குப் போட்டு மின்சாரத்தால் அறுத்தும் எடுத்தார்கள். வயிற்றைக் கிழிக்காமலே.

இதே 1963இல்தான் பாரிஸில் மிஷேல் ஃபூக்கோவின் 'மருத்துவமனையின் பிறப்பு' வெளிவந்தது. தற்செயல்தான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. நோயாளி சொல்லும் பேச்சிலிருந்து மருத்துவரின் பார்வை பிணத்தின் உட்புறத்துக்கு நகர்ந்தபோதுதான் நவீன மருத்துவம் பிறந்தது என்பது ஃபூக்கோவின் வாதம். நோயை அறிய அன்று சாவு தேவைப்பட்டது. வளையும் குழாய் அதே பார்வையை உயிரோடு இருக்கிறவனுக்குள் கொண்டுபோனது. அடுத்த நகர்வு இன்னும் பெரியது: எந்தத் தொந்தரவும் இல்லாதவனையும் கூப்பிட்டுப் பார்ப்பது. 'ஸ்கிரீனிங்' என்பது இதுதான்.

2

ஸ்கிரீனிங்கின் நியாயம் காலத்தில் இருக்கிறது. பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப்பாகத்தான் தொடங்குகிறது. எல்லாப் பாலிப்பும் புற்றாவதில்லை. ஆகிறவற்றுக்கும் பொதுவாகப் பத்து வருடம் போல ஆகிறது. அந்தப் பத்து வருடமும் உடம்பு வாய் திறப்பதில்லை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. அந்த மௌனத்துக்குள் போய் முளையை அறுத்துவிட்டால் நோய் வராமலே தடுக்கலாம். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் கண்டுபிடித்தாலும் பலன் உண்டு. ஆண்டுதோறும் இந்த மலப் பரிசோதனை செய்துகொண்டவர்களிடம் இந்நோயால் வரும் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததை 1993இல் வெளியான மின்னசோட்டா ஆய்வு காட்டியது. ஜப்பான் 1992லேயே மலப் பரிசோதனையைத் தேசியத் திட்டமாக்கிவிட்டது. அமெரிக்காவில் 2021 மே மாதம் ஸ்கிரீனிங் தொடங்கும் வயதை 50இலிருந்து 45ஆகக் குறைத்தார்கள்.

இதையெல்லாம் 'உடலைக் கண்காணிக்கும் அதிகாரம்' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். தொண்ணூறுகளின் சிறுபத்திரிகைகளை நூலகத்தில் தூசி தட்டிப் படித்து வளர்ந்த எனக்கு அந்த வரி சட்டென்று நாக்கில் வரும். அதில் உண்மையும் இல்லாமல் இல்லை. நல்லா இருக்கிறவனை 'இன்னும் நோயாளி ஆகாதவன்' என்று மாற்றி வைப்பதில் பணமும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. எண்களும் அவ்வளவு சுலபமாக ஒரு பக்கம் சாய்வதில்லை. போலந்து, நார்வே, ஸ்வீடனில் 84,585 பேரை வைத்து நடந்த ஆய்வு 2022 அக்டோபரில் வெளியானது. கொலனாஸ்கோப்பிக்கு அழைக்கப்பட்டவர்களில் 42 சதவீதம் பேர்தான் வந்தார்கள். பத்தாண்டில் நோய் வரும் வாய்ப்பு அழைக்கப்பட்ட குழுவில் 18 சதவீதம் குறைந்தது. சாவில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. ஆக, கருவியைத் தெய்வமாக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஒற்றை வரி எங்கே உடைகிறது? அதிகாரம் பார்க்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், அது யாரைப் பார்க்க மறுக்கிறது என்பது விட்டுப்போகிறது. அமெரிக்கக் கறுப்பர்களுக்கு இந்நோய் வருவது மற்றவர்களைவிட அதிகம், அதனால் சாவதோ இன்னும் அதிகம். அங்கே அவர்கள் குறை சொல்வது 'எங்களைக் கண்காணிக்கிறார்கள்' என்பதோடு நிற்பதில்லை. போலீஸ் கேமராவுக்குத் தெரிகிற உடம்பு ஆஸ்பத்திரிக் கேமராவுக்குத் தெரியவில்லை என்பதும்தான். கவனிப்பு என்ற தமிழ்ச் சொல்லிலேயே இரண்டும் இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் 'கவனிப்பது' ஒன்று, படுக்கையில் கிடக்கிறவரைக் கவனிப்பது இன்னொன்று. முதலாவது ஏழைக்குத் தாராளமாகக் கிடைக்கிறது.

3

கொலனாஸ்கோப்பியில் கஷ்டமான பகுதி பரிசோதனை அல்ல, அதற்கு முந்தைய இரவு என்பார்கள். குடல் காலியாக இல்லாவிட்டால் கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. இந்தக் காலி செய்வதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் மானிடால் என்ற சர்க்கரை வகையைக் கொடுத்தார்கள். அதைக் குடல் கிருமிகள் புளிக்கவைத்து எரியும் வாயு உண்டாக்க, மின்சாரக் கம்பியின் பொறி பட்டுக் குடல் வெடித்து ஒருவர் இறந்தது 1979இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. 1980இல் ஜான் ஃபோர்ட்ரானின் குழு, பாலிஎதிலீன் கிளைக்காலும் உப்புகளும் கலந்த கரைசலைக் கொண்டுவந்தது. உடம்பு அதை உறிஞ்சுவதில்லை. குடித்தது குடித்தபடி குடலைக் கழுவிக்கொண்டு வெளியேறும்.

இதற்கு நேர் எதிரான கரைசல் ஒன்று நமக்குத் தெரியும். 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் காலராவில் செத்துக்கொண்டிருந்தபோது, பங்காவ் முகாமில் திலீப் மஹலனாபிஸ் கொடுத்த உப்புச் சர்க்கரைக் கரைசல். அது தண்ணீரைக் குடலிலிருந்து உடம்புக்குள் இழுக்கும். இது தண்ணீரைக் குடலிலேயே வைத்து வெளியே தள்ளும். இரண்டும் ஒரே உடலியல் அறிவின் இரு கைகள். ஒரு பக்கம் வயிற்றுப்போக்கில் இழந்த தண்ணீரை ஈடுகட்டினால்தான் உயிர். இன்னொரு பக்கம் வயிற்றுப்போக்கை வரவழைத்தால்தான் உயிர். யார் எந்தப் பக்கம் பிறக்கிறார்கள் என்பதை மருத்துவம் தீர்மானிப்பதில்லை.

தயாரிப்புக்கு ஆஸ்பத்திரியில் ஒரு தாள் தருகிறார்கள். இலக்கிய மாணவனாக அதை நான் ஒரு பிரதியாக வாசிக்கிறேன். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கீரை, விதையுள்ள காய்கனி, தோலுள்ள பருப்பு வேண்டாம். முந்தைய நாள் தெளிந்த திரவம் மட்டும்: இளநீர், வடிகட்டிய சூப், பால் சேர்க்காத டீ. சிவப்புச் சாயம் கலந்த எதுவும் கூடாது, உள்ளே ரத்தம்போலத் தெரியும். மருந்துக் கரைசலில் பாதியை முந்தைய மாலை, மீதியைப் பரிசோதனைக்குச் சில மணி நேரம் முன்னால் குடிக்க வேண்டும். கடைசியில் வெறும் மஞ்சள் தண்ணீராகப் போனால் குடல் தயார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை, சிறுநீரக, இதய நோயாளிகள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கூட ஒருவர் வர வேண்டும்.

இந்தப் பிரதிக்குள் ஒளிந்திருக்கும் வாசகன் யார்? சொந்தமாக ஒரு கழிப்பறை உள்ளவன். ராத்திரி முழுக்க அதில் தண்ணீர் வருகிறவன். இரண்டு நாள் கூலி போனாலும் அடுப்பு எரிகிறவன். கூட வருகிறவருக்கும் ஒரு நாள் கூலி போகாதவன். தாள் இதை எங்கேயும் எழுதுவதில்லை. எழுதாததுதான் அதன் அரசியல்.

என் சித்தப்பா விசைத்தறி ஓட்டியவர். எட்டு லைன் வீட்டுக்கு ஒரு கக்கூஸ். ஒன்றரை வருடமாக ரத்தம் போயிருக்கிறது. "மூலமா இருக்கும், சூட்டு உடம்புங்க, மோர் குடிங்க" என்று சித்தி சொன்னார். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் 'மூலம், பவுத்திரம்' என்று எழுதியிருந்த இடத்திலும் மூலம் என்றார்கள், களிம்பு கொடுத்தார்கள். ஆசனவாயில் விரல் விட்டுப் பார்க்கிற ஒரு நிமிடச் சோதனையைக்கூட யாரும் செய்யவில்லை. ரத்தச் சோகையில் சுருண்டு விழுந்த பிறகு, பெரிய ஆஸ்பத்திரியில் கொலனாஸ்கோப்பிக்குத் தேதி கொடுத்தார்கள். தாள் இங்கிலீஷில் இருந்தது. அன்று ராத்திரி பக்கத்து வீட்டுப் பெண்கள் கக்கூஸ் வாசலில் நின்றதால் பாதி மருந்தோடு நிறுத்திக்கொண்டார். "பொம்பளைங்க நிக்கறப்ப எத்தனை தடவைடா கண்ணு போறது?" என்றார். குடல் சுத்தமாகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த தேதி மூன்று வாரம் கழித்து. அப்போது பார்த்ததில் புற்று ஈரல் வரைக்கும் போயிருந்தது. அந்த மூன்று வாரம் அவரைக் கொல்லவில்லை. ஒன்றரை வருடம்தான் கொன்றது.

தமிழ் படித்தவர்களுக்கு மூலம் என்றால் உரைக்கு முந்தைய பிரதி. தெருவுக்கு மூலம் என்றால் ஆசனவாய் நோய். இங்கே அந்தச் சொல்லே உரையாகிவிடுகிறது. ரத்தம் என்ற மூலத்துக்கு 'மூலம்' என்று உரை எழுதி மூடிவைத்துவிடுகிறோம். மூலநோயிலும் ரத்தம் வரும், புற்றிலும் வரும். எது என்று பார்க்காமல் சொல்ல முடியாது.

4

இந்தியாவில் இந்நோய் மேலை நாடுகளைவிடக் குறைவு. அரசின் ஸ்கிரீனிங் திட்டம் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களை எடுத்துக்கொண்டிருக்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் கொலனாஸ்கோப்பி என்று கேட்பதும் நம் சூழலில் பொருந்தாது. கேட்க வேண்டியவை வேறு. ரத்தம் போனால், மலம் கழிக்கும் பழக்கம் வாரக்கணக்கில் மாறினால், காரணம் தெரியாமல் சோகை வந்தால், எடை இறங்கினால், பார்க்காமல் 'மூலம்' என்று சொல்லி அனுப்பக் கூடாது. அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்களுக்கு இந்நோய் இருந்தால் 40 வயதிலோ, அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னாலோ, எது முந்தியதோ அப்போதே பரிசோதனையைத் தொடங்கும் வழி வேண்டும். தயாரிப்புத் தாள் தமிழில் வேண்டும். வீட்டில் வசதி இல்லாதவருக்கு முந்தைய இரவு ஆஸ்பத்திரியிலேயே ஒரு படுக்கையும் ஒரு கழிப்பறையும் வேண்டும். கேட்டால் சின்ன விஷயமாகத் தெரியும். சித்தப்பாவுக்குத் திரும்பி வந்த தேதி அந்தச் சின்ன விஷயத்தால்தான் போனது.

குழாயே வேண்டாத முதல் சோதனையும் இருக்கிறது. தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கானது அது. சின்னக் குச்சியால் தன் மலத்தில் ஒரு துளி எடுத்து டப்பாவில் போட்டுக் கொடுப்பது. பத்தியம் இல்லை, பட்டினி இல்லை. ரத்தம் இருப்பதாக வந்தால் மட்டும் கொலனாஸ்கோப்பி. ஜப்பானில் கோடிக்கணக்கானவர்கள் செய்தது இதைத்தான். இங்கே இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள், முற்போக்கு நண்பர்கள் உட்பட. அந்தச் சுளிப்பு வெறும் அருவருப்பு அல்ல, அதற்குச் சாதி இருக்கிறது. ஊர் மலத்தை ஒரு சாதியின் தலையில் ஏற்றிய சமூகம் இது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்ய 1993இல் ஒரு சட்டம் போட்டோம், போதாமல் 2013இல் இன்னொன்று போட்டோம், அதன் பிறகும் சாக்கடைக் குழியில் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். மலத்தைப் பற்றிப் பேசாமலிருப்பதைப் பண்பாடு என்று வைத்திருக்கிறோம். பேசாமலிருக்க முடிந்தது, இன்னொருத்தர் அதை அள்ளியதால்தான்.

தன் மலத்தைத் தானே ஒரு குச்சி நுனி அளவு கையாளச் சொல்கிறது இந்தச் சோதனை. அதைக்கூடச் செய்யமாட்டேன் என்கிறவனின் குடலைப் பற்றி மருத்துவம் கவலைப்படட்டும். அவன் யாரை நம்பி இத்தனை நூற்றாண்டு சுத்தமாக இருந்தான் என்பதைப் பற்றி நாம் பேசுவோம்.