வீட்டிலிருந்து வரும் பதில்: தொடக்கப் பள்ளி வகுப்பறையும் குடும்பங்களும் இணையவழித் தொடர்பும்

முன்னுரை

தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு என்பது இன்று வழக்கமாகிவிட்டது. மாலையானால் கரும்பலகையின் படமும் வீட்டுப்பாடமும் வருகின்றன. ஆதார் நகல், வங்கிக் கணக்கு, தடுப்பூசி முகாம், சீருடை என அறிவிப்புகள் தொடர்கின்றன. ஆண்டு விழா என்றால் ஒளிப்படங்கள் வரிசை கட்டுகின்றன. பெற்றோரிடமிருந்து திரும்பி வருவது பெரும்பாலும் ஒரு கைகூப்பு அல்லது கட்டைவிரல். அட்மின் மட்டுமே பதிவிடலாம் என்று பூட்டப்பட்ட குழுக்களில் அதுவும் வர வழியில்லை.

இது பள்ளியிலிருந்து வீட்டை நோக்கி மட்டுமே ஓடும் தொடர்பு. சுற்றறிக்கையும் டயரியும் முன்பு செய்ததை இது விரைவாகச் செய்கிறது. அந்த அளவில் பயன் உண்டு. ஆனால் ஆறு முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளின் கல்வியில் இணையக் கருவியின் பயனை, வீட்டைச் சென்றடைந்த செய்திகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது தவறு. வீட்டிலிருந்து வந்த பதில் மறுநாள் வகுப்பறையில் எதை மாற்றியது என்பதே சரியான அளவுகோல். இந்தக் கருத்தை நிறுவுவதும், அதற்கு வேண்டிய நடைமுறைகளைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

பெருந்தொற்றுக் காலம் காட்டியது

வகுப்புக் குழுக்கள் பரவலாக வேரூன்றியது கொரோனா காலத்தில்தான். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இடைப்பட்ட காலத்தில் கல்வித் தொலைக்காட்சியும் ஆசிரியர்கள் அனுப்பிய காணொளிகளும் பாடத்தை வீடுகளுக்குக் கொண்டுசெல்ல முயன்றன. ஆசிரியர்கள் தம் சொந்தக் கைபேசியில், சொந்தச் செலவில் அந்த வேலையைச் செய்தார்கள். அந்த உழைப்பை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆயினும் விளைவு கவலை தருவதாகவே இருந்தது. அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடத்திய ஆய்வு, 2021 டிசம்பரில் குழந்தைகள் பெற்றிருந்த திறனை, அதே ஊர்களில் 2019இல் அதே வயதில் இருந்த குழந்தைகளின் திறனோடு ஒப்பிட்டது. கணிதத்தில் சுமார் 0.7 திட்டவிலக்கமும் மொழியில் 0.34 திட்டவிலக்கமும் பின்னடைவு தெரிந்தது. பள்ளி திறந்த பிறகு ஆறு மாதங்களில் இழப்பின் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் சுமார் 24 விழுக்காடு 'இல்லம் தேடிக் கல்வி' என்ற அரசுத் திட்டத்தின் மையங்களால் வந்தது என அவ்வாய்வு மதிப்பிடுகிறது.

2021 அக்டோபர் 27 அன்று மரக்காணத்தில் தொடங்கப்பட்ட அத்திட்டத்தில் மாலை நேரம் குழந்தைகளோடு உட்கார்ந்த தன்னார்வலர்கள் பக்கத்துத் தெருக்காரர்கள். குழந்தை நேற்று ஏன் வரவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் வாசலில் நின்று கேட்டுவிட முடியும். மீட்சியின் பெரும்பங்கு பள்ளி திறந்ததால் விளைந்தது என்பதை மறக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது: குழந்தையையும் குடும்பத்தையும் அறிந்த ஒருவர் எதிரில் இருக்கும்போது கல்வி நகர்கிறது. இணையக் கருவி அந்த அறிமுகத்தை வளர்க்கிறதா, அல்லது அதன் இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறதா என்பதே கேள்வி.

யார் கையில் கைபேசி?

'எல்லா வீட்டிலும் போன் இருக்கிறது' என்பது கல்வித் துறைக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். போன் வீட்டில் இருப்பதும் தாயின் கையில் இருப்பதும் ஒன்றல்ல. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியப் பெண்களில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியவர்கள் 33.3 விழுக்காடு, ஆண்களில் 57.1 விழுக்காடு. தமிழ்நாட்டிலும் அப்போது இணையம் பயன்படுத்தியிருந்த பெண்கள் பாதிக்கும் குறைவு. அதன் பிறகு நிலைமை மாறியிருக்கும் என்றாலும் வீட்டுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வு ஒரேயடியாக மறைந்துவிடாது.

மாலை ஐந்து மணிக்கு ஆசிரியர் அனுப்பும் வீட்டுப்பாடம், வேலைக்குப் போன தந்தையின் சட்டைப்பையில் இரவு ஒன்பது வரை கிடக்கிறது. அவர் வீடு திரும்பும்போது குழந்தை தூங்கிப்போயிருக்கும். பனியன் கம்பெனியில் ஷிப்டு முடித்து வரும் தாய்க்கு அந்தச் செய்தி மறுநாள்தான் தெரியவருகிறது. சில மாதங்களில் ரீசார்ஜ் முடிந்து கிடக்கும் நாட்களும் உண்டு. செய்தி கண்ணில் பட்டாலும் அதைப் படிக்க வேண்டுமே! தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து அனுப்பும் பழக்கம் குழுக்களில் பரவியிருக்கிறது. தமிழ்வழியில் ஐந்தாவது வரை படித்த ஒரு பெண், தன் தாய்மொழியிலேயே எழுதப்பட்ட செய்தியைப் படிக்க முடியாமல் நிற்கிறார். திருப்பூரிலும் திருவள்ளூர் செங்கல் சூளைப் பகுதிகளிலும் படிக்கும் ஒடியா, இந்தி பேசும் குழந்தைகளின் வீடுகளுக்குத் தமிழ் எழுத்தே புதிது.

இப்படிப்பட்ட குடும்பங்கள் குழுவில் மௌனமாக இருக்கின்றன. அந்த மௌனம் 'அக்கறை இல்லை' என்று எளிதாகப் பொருள்கொள்ளப்படுகிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆனெட் லாரோ, 1989இல் வெளிவந்த தம் நூலில், உழைக்கும் வர்க்கப் பெற்றோர் பள்ளியிலிருந்து விலகி நிற்பதற்கு அக்கறையின்மை காரணமல்ல என்று காட்டினார். படிப்பு ஆசிரியரின் துறை என்று அவர்கள் நம்பினார்கள். நடுத்தர வர்க்கப் பெற்றோருக்கு இருந்த துணிவும் பழக்கமும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. நம் ஊரில் 'நீங்க பாத்துக்கோங்க டீச்சர்' என்று சொல்லும் தாயின் குரலில் இருப்பதும் அதே நம்பிக்கைதான். அந்த நம்பிக்கையைக் குழுவின் மௌனத்தோடு சேர்த்துத் தள்ளிவிடுவது ஆசிரியருக்கும் குழந்தைக்கும் நேரும் இழப்பு.

எழுத்துச் செய்தியும் நேர்ப்பேச்சும்

எந்த வகைத் தொடர்பு பலன் தருகிறது என்பதற்குத் தெளிவான சான்றுகள் உள்ளன. பள்ளிகள் மூடியிருந்த 2020இல் போட்ஸ்வானாவில் ஆங்ரிஸ்ட், பெர்க்மன், மட்ஷெங் ஆகியோர் சுமார் 4,500 குடும்பங்களிடையே ஒரு சோதனை நடத்தினர். 3 முதல் 5 வரையிலான வகுப்புகளில் படிக்கும் குழந்தைகள் உள்ள வீடுகள் அவை. சில வீடுகளுக்கு வாரந்தோறும் கணக்குகள் குறுஞ்செய்தியாகப் போயின. வேறு சிலவற்றுக்கு அதே குறுஞ்செய்தியோடு வாரம் ஒருமுறை பதினைந்து, இருபது நிமிடத் தொலைபேசி அழைப்பும் போனது. பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து பேசினார்கள். அழைப்புப் பெற்ற குழந்தைகளின் கற்றல் 0.12 திட்டவிலக்கம் உயர்ந்தது. குறுஞ்செய்தி மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பின்னர் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்த சோதனைகளும் தொலைபேசி உரையாடலின் பயனை உறுதிப்படுத்தின.

அப்படியானால் எழுத்துச் செய்தி வீண் என்று முடிவு கட்டலாமா? கூடாது. சான்பிரான்சிஸ்கோவில் நான்கு வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்காக யார்க், லோப் ஆகியோர் வடிவமைத்த திட்டம் குறுஞ்செய்தியை மட்டுமே நம்பியது. எழுத்தறிவின் தொடக்கத் திறன்களில் முன்னேற்றமும் கண்டது. ஆனால் அது அனுப்பிய செய்திகள் அறிவிப்புகள் அல்ல. வாரத்துக்கு மூன்று செய்திகள்: முதலாவது ஒரு திறன் ஏன் முக்கியம் என்று சொல்லும், இரண்டாவது அன்றாட வேலைக்கு நடுவே செய்யக்கூடிய ஒரு சிறு செயலைத் தரும், மூன்றாவது ஊக்கம் தந்து அடுத்த படியைக் காட்டும். இதைத் தொடர்ந்த இன்னோர் ஆய்வில், வாரம் ஐந்து செய்திகள் பெற்ற பெற்றோர் திட்டத்திலிருந்து விலகுவது கூடியது. ஒரே மாலையில் பத்துப் பதினைந்து செய்திகள் குவியும் நம் குழுக்களுக்கு இது நேரடியான எச்சரிக்கை.

சுருங்கச் சொன்னால், பெற்றோரிடம் கேட்பது தெளிவாகவும் சிறியதாகவும் இருக்க வேண்டும். பதில் சொல்ல ஓர் ஆள் எதிர்முனையில் இருக்க வேண்டும்.

வீடு பாடமாகும்போது

இங்கிருந்து இன்னும் ஒரு படி மேலே செல்ல வேண்டியிருக்கிறது. மேற்கண்ட சோதனைகளிலும் அறிவு பள்ளியிலிருந்தே புறப்படுகிறது. அரிசோனாவின் டூசான் நகரில் மெக்சிகோ வழிவந்த குடும்பங்களிடையே பணியாற்றிய லூயிஸ் மோலும் அவருடைய குழுவினரும் 1992இல் வெளியிட்ட கட்டுரை, உழைக்கும் குடும்பங்களில் விவசாயம், கட்டுமானம், வணிகம், மருத்துவம் எனச் செறிந்துகிடக்கும் அறிவு வளத்தைப் பாடத்தோடு இணைக்கலாம் என்று வாதிட்டது. அங்கே ஆசிரியர்கள் வீடு வீடாகச் சென்று கற்றுக்கொண்டார்கள். அடிக்கடி போக முடியாத ஆசிரியருக்குக் கைபேசியின் குரல் பதிவு ஓரளவு கைகொடுக்கும்.

மூன்றாம் வகுப்பில் நீளம் அளக்கும் பாடத்தை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் மாலை ஆசிரியர் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்புகிறார்: 'அம்மா, நாளைக்கு நீளம் அளக்குற பாடம். வேலையில நீங்க எதை, எப்படி அளக்குறீங்கன்னு ஒரு நிமிஷம் பேசி அனுப்புங்க.' பூக்கட்டி விற்கும் ஒரு தாய், முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை சரத்தை வைத்து முழம் போடுவதைச் சொல்கிறார். தன் கை குட்டை என்று வாடிக்கையாளர் முறையிடுவதால் கொஞ்சம் தாராளமாக விடுவதையும் சொல்கிறார். ஒரு தந்தை சுவருக்கு அடிக்கணக்குச் சொல்கிறார். தையல் வேலை செய்யும் அத்தை டேப்பைப் பற்றிப் பேசுகிறார்.

மறுநாள் அந்தப் பூக்காரத் தாயின் குரல் வகுப்பில் ஒலிக்கிறது. குழந்தைகள் பெஞ்சைத் தம் கையால் முழம் போடுகிறார்கள். ஒருவருக்கு ஐந்து முழம், இன்னொருவருக்கு ஐந்தரை. ஏன் வேறுபடுகிறது என்ற கேள்வி அவர்களிடமிருந்தே பிறக்கிறது. எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவு வேண்டும் என்ற தேவை உணரப்பட்ட பிறகு அடிக்கோல் மேசைக்கு வருகிறது. பாடநூல் சொல்ல விரும்பிய கருத்தை ஒரு தாயின் தொழிலறிவு சொல்லிவிடுகிறது. தன் அம்மாவின் குரல் வகுப்பில் கேட்ட குழந்தைக்கு அந்தப் பள்ளி இன்னும் கொஞ்சம் தன் பள்ளியாகிறது.

வாசிப்பிலும் குரல் பதிவு இப்படி உதவும். அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்கும் என 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பிக்கிறது. வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் குழந்தை, பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அரை நிமிடம் சத்தமாக வாசிப்பதைப் பதிவுசெய்து அனுப்பினால் அந்த நிலையைக் கணிக்க ஆசிரியருக்குக் கூடுதல் சான்று கிடைக்கும். ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் அது எங்கே குழப்பிக்கொள்கிறது என்று அவர் மீண்டும் மீண்டும் கேட்டுப் பார்க்கலாம். அச்சம் இல்லாத இடத்தில் குழந்தை எப்படி வாசிக்கிறது என்பதை வகுப்புத் தேர்வு காட்டாது.

எழக்கூடிய மறுப்புகள்

இதற்கெல்லாம் ஆசிரியருக்கு ஏது நேரம் என்று கேட்பது நியாயமே. கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். அவர்களே ஐந்து வகுப்புகளையும் நடத்துகிறார்கள், எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தின் பதிவுகளையும் பார்க்கிறார்கள். முப்பது குடும்பங்களோடு பத்துப் பத்து நிமிடம் பேச ஐந்து மணி நேரம் ஆகும். மாதம் ஒரு முறை என்று வைத்தால் வாரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம். இதை ஆசிரியரின் நல்லெண்ணத்திடம் விட்டுவிடக் கூடாது. கால அட்டவணையில் அதற்கு இடம் ஒதுக்கி, பதிவு வேலைகளை அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும். வேறெதையும் குறைக்காமல் இதையும் சேர்த்தால், இதுவும் புகைப்படம் எடுத்து அனுப்பும் இன்னொரு கடமையாகச் சுருங்கிவிடும்.

இரண்டாவது மறுப்பு அந்தரங்கம் பற்றியது. தாமதமாக வந்தவர், மதிப்பெண் குறைந்தவர் என்று பெயர்ப் பட்டியலைக் குழுவில் போடுவது, ஊரைக் கூட்டி ஒரு குடும்பத்தைத் தலைகுனிய வைப்பதற்குச் சமம். அது உடனே நிறுத்தப்பட வேண்டும். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தை என்று வரையறுத்து, அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. சட்டம் எந்த அளவுக்குப் பள்ளியைக் கட்டுப்படுத்தும் என்பதைக் கடந்து, குழந்தையின் குரலும் முகமும் வகுப்புக்கு வெளியே போகாது என்ற உறுதியைப் பெற்றோருக்குப் பள்ளி தர வேண்டும். ஆசிரியரின் அந்தரங்கமும் இதில் அடங்கும். ஆசிரியைகளின் சொந்த எண்ணுக்கு இரவில் அழைப்பு வருவது பேசப்படாத ஒரு தொல்லை. பள்ளியின் பெயரில் ஒரு கைபேசியும் இணைப்பும் இருந்தால் பெருமளவு தீரும்.

மூன்றாவது மறுப்பு, பெற்றோரைக் கேட்கப் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறதே என்பது. சட்டப்படி அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது காப்பாளர். பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022இல் இக்குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டபோது பெற்றோரிடம் எழுந்த ஆர்வம் நல்ல அறிகுறி. எனினும் கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிநீர் பற்றி அக்குழு பேசும் அளவுக்கு, ஒரு குறிப்பிட்ட குழந்தை ஏன் கழித்தலில் திணறுகிறது என்று பேச முடியாது, பேசவும் கூடாது. பள்ளியைப் பற்றிய முடிவுக்குக் கூட்டமும், குழந்தையைப் பற்றிய புரிதலுக்குத் தனிப்பேச்சும் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட வாதங்களிலிருந்து சில நடைமுறைகள் தெளிவாகின்றன. பொதுக் குழுவை அறிவிப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, குழந்தையைப் பற்றிய பேச்சைத் தனித் தொடர்புக்கு மாற்ற வேண்டும். எழுத்தைவிடக் குரலுக்கும், செய்தியைவிட அழைப்புக்கும் முன்னுரிமை வேண்டும். சேர்க்கையின்போதே, கைபேசி யாரிடம் எந்த நேரத்தில் இருக்கும், எந்த மொழியில் பேச விருப்பம் என்று ஒவ்வொரு குடும்பத்திடமும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். கைபேசியே இல்லாத வீட்டுக்கு ஆசிரியரோ தன்னார்வலரோ நேரில் போவதைத் திட்டத்தின் பகுதியாகவே வைக்க வேண்டும்.

இவற்றுக்குப் புதிய செயலி எதுவும் தேவையில்லை. தேவைப்படுவது ஒரு புதிய கணக்கு. ஆசிரியரின் பாடக்குறிப்பேட்டில் 'வீட்டிலிருந்து அறிந்தது' என்று ஒரு பத்தி சேர்க்கப்படட்டும். வாரத்தில் ஒரு குடும்பம் சொன்ன ஒரு செய்தியும் அதனால் பாடத்தில் செய்த மாற்றமும் அதில் எழுதப்படட்டும். ஆய்வுக்கு வரும் அலுவலர், குழுவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்பதற்கு முன் அந்தப் பத்தியைப் புரட்டிப் பார்க்கட்டும். அரசுப் பள்ளியை நம்பிக் குழந்தையை அனுப்பும் பெற்றோருக்கு, அந்தக் குழந்தையின் கல்வியில் சொல்ல வேண்டிய செய்தி உண்டு. அதைக் கேட்டறிந்து பாடத்தில் சேர்ப்பது கற்பித்தலின் ஓர் அங்கமே. அதற்குரிய நேரத்தையும் மதிப்பையும் கல்வித் துறை வழங்க வேண்டும்.