துடைப்பமும் பொறியும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் திருவெறும்பூரைக் கடந்தால் கைலாசபுரம் என்னும் குடியிருப்பு நகரம் இருக்கின்றது. பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை 1965ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. அதில் உழைப்போர் உறைவதற்காக எழுந்த ஊர் இது. தொழிற்சாலையோ செக்கோஸ்லோவேகிய நாட்டின் ஒத்துழைப்போடு நிறுவப்பெற்றது. அந்நாட்டிலிருந்து கொதிகலன் செய்யும் நுட்பம் நமக்குக் கிடைத்தது என்பதைத் திருச்சி மக்கள் பலரும் அறிவர். அதே மண்ணிலிருந்து உலகம் முழுவதற்கும் ஒரு சொல் கிடைத்தது என்பதை அத்தனை பேர் அறிந்திருப்பாரோ, ஐயமே. அச்சொல் ‘ரோபோ’ என்பது.

கரேல் சாபெக் என்னும் செக் எழுத்தாளர் 1920ஆம் ஆண்டில் ஒரு நாடகத்தை எழுதி வெளியிட்டார். மனிதனுக்காக உழைப்பதற்கென்றே ஓர் ஆலையில் செய்யப்படும் செயற்கை மாந்தரைப் பற்றியது அந்நாடகம். அவர்களுக்கு என்ன பெயர் சூட்டுவது என்று அவர் தயங்கியபோது, ஓவியரான அவர் தமையனார் யோசெப் ‘ரோபோ’ என்னும் பெயரைச் சொன்னாராம். செக் மொழியில் ‘ரோபாட்டா’ என்பது குடியானவன் தன் நிலக்கிழாருக்குக் கூலியின்றிச் செய்து தீர வேண்டிய கட்டாய உழைப்பைக் குறிக்கும். 1848ஆம் ஆண்டில்தான் அக்கொடுமை அந்நாட்டில் ஒழிந்தது.

நம் நாட்டில் இதற்கு நேரான சொல் இல்லாமல் இல்லை. சோழர் காலக் கல்வெட்டுக்களில் வரிகளையும் கடமைகளையும் அடுக்கிச் சொல்லும் இடங்களில் ‘வெட்டி’ என்னும் சொல் வருகின்றது. ஊதியமின்றிச் செய்யவேண்டிய ஊழியம் என்பது அதன் பொருள். இன்று ‘வெட்டி வேலை’ என்றால் பயனற்ற வேலை என்று கொள்கிறோம். செய்தவனுக்குப் பயனில்லாத வேலை என்று பழங்காலத்தவர் கண்ட உண்மை அதற்குள் உறங்கிக் கிடக்கின்றது. ஆகவே, வீட்டுத் தரையைப் பெருக்கித் துடைக்கும் சிறு பொறிக்கு ‘ரோபோ’ என்று பெயரிட்டவர்கள், தம்மை அறியாமலே மிகப் பொருத்தமான பெயரை இட்டுவிட்டார்கள். வீடு பெருக்குவதைப்போல் நெடுங்காலம் ஊதியமின்றிச் செய்யப்பட்ட வேலை வேறொன்று உண்டா?

ஆயினும் இதே வேலையை நம் முன்னோர் எவ்வளவு உயர்வாகவும் போற்றினர் என்பதை எண்ணும்போது வியப்பு உண்டாகிறது. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர் கையில் உழவாரப் படை ஏந்தி, கோயில்தோறும் சென்று புல்லும் புதரும் செதுக்கித் தூய்மை செய்தார். இன்றும் அவர் திருவுருவத்தை அக்கருவி இல்லாமல் வடிப்பதில்லை. கோயிலைப் பெருக்கும் துடைப்பத்திற்குத் ‘திருவலகு’ என்று பெயர்; சாணத்தால் மெழுகுவதற்குத் ‘திருமெழுக்கு’ என்று பெயர். ஒடிசா மாநிலத்துப் புரியில் தேர்த் திருவிழாவின்போது அரச மரபினர் பொற்பிடியிட்ட துடைப்பத்தால் தேர்த்தட்டைப் பெருக்கும் வழக்கம் இன்றுவரை நடைபெறுகின்றது. விரும்பிச் செய்தால் அது தொண்டு. விதிக்கப்பட்டுச் செய்தால் வெட்டி. வேலை ஒன்றுதான்.

இனி நம் தரைகளின் கதைக்கு வருவோம். தமிழர் வீட்டில் தரை என்பது நடப்பதற்கு மட்டும் உரியது அன்று. அதன்மேல் பாய் விரித்து உறங்குகிறோம்; இலையிட்டு உண்கிறோம்; குழந்தையைத் தவழ விடுகிறோம்; காய்கறி நறுக்குகிறோம்; ஏட்டைப் பிரித்துப் படிக்கிறோம். வெளியில் நடந்த செருப்போடு உள்ளே வருவதில்லை என்னும் ஒழுங்கு இதனால் ஏற்பட்டது. மண் தரையைச் சாணமிட்டு மெழுகினார்கள். பின்னர்ச் சுண்ணாம்புத் தரையும், செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கற்களும், சிவப்புச் சிமெண்டுத் தரையும், மொசைக்கும், இக்காலத்து வழவழப்பான ‘டைல்ஸ்’ தரையும் வந்தன. தரை மாற மாறக் கருவியும் மாறியது. முற்றத்திற்குத் தென்னை ஈர்க்குத் துடைப்பம், கூடத்திற்குப் பூந்துடைப்பம், அதன்பின் ஈரத்துணி. ஆடிமாதத்துக் காற்றில் காவிரி மணலையும் தெருப்புழுதியையும் ஒருங்கே பெறும் நம் ஊரில், காலையில் பெருக்கிய கூடத்தை மாலையில் மறுபடியும் பெருக்க வேண்டியிருக்கும் என்பதை இல்லத்தரசிகள் நன்கு அறிவர். மாறாதிருந்தது ஒன்றே. குனிந்த முதுகு ஒரு பெண்ணினுடையதாகவே இருந்தது.

இதைச் சொல்லும்போது ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் வகுப்பறை பெருக்கும் முறைப்பட்டியலில் பெண்பிள்ளைகளின் பெயர்கள் மட்டுமே இருந்தன. ஆண்பிள்ளைகளின் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னேன். மறுநாள் இரண்டு தந்தையர் வந்து, “ஐயா, எங்கள் பையனைத் துடைப்பம் எடுக்கச் சொல்லலாமா?” என்று வருத்தத்தோடு கேட்டார்கள். அவர்களுள் ஒருவருடைய மகளும் அதே வகுப்பில் படித்தாள். அவளைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மேல்நாட்டில் வேறொரு வகையாக நடந்தது. குளிர்நாடுகளில் தரைமேல் கம்பளம் விரிப்பார்கள். கம்பளத்தைக் கழுவ இயலாது. அடித்தும் உதறியுமே தூசியைப் போக்க வேண்டும். இங்கிலாந்தில் ஹியூபர்ட் செசில் பூத் என்னும் பொறியாளர், காற்றை ஊதித் தூசியை விரட்டும் எந்திரம் ஒன்றைக் கண்டார். ஊதுவதற்கு மாறாக உறிஞ்சினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. உணவு விடுதி ஒன்றின் நாற்காலிமேல் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் வாயை வைத்துக் காற்றை உறிஞ்சிப் பார்த்தார். கைக்குட்டையின் மறுபுறத்தில் அழுக்கு ஒட்டியிருந்தது. 1901ஆம் ஆண்டில் அவர் உரிமை பெற்ற எந்திரம், குதிரை இழுக்கும் வண்டியளவு பெரியது. அதைத் தெருவில் நிறுத்தி, நீண்ட குழாய்களைச் சன்னல் வழியே வீட்டினுள் நுழைப்பார்கள். 1902ஆம் ஆண்டில் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவிற்காக வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக் கம்பளங்களைத் தூய்மை செய்த பெருமை அந்த வண்டிக்கு உண்டு.

ஆனால் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் ஒரு துப்புரவுப் பணியாளர். அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்துக் காண்டன் நகரில், ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்க்ளர் என்பவர் ஒரு கடையைப் பெருக்கும் வேலையில் இருந்தார். அவருக்கு இரைப்பு நோய். தூசி எழும்போதெல்லாம் மூச்சுத் திணறியது. மின்விசிறியின் மோட்டாரையும் தலையணை உறையையும் துடைப்பக் கம்பையும் இணைத்துத் தமக்கென்று ஒரு கருவியைச் செய்துகொண்டார். 1908ஆம் ஆண்டில் அதற்கு உரிமை பெற்றார். அதை விலைக்கு வாங்கிய ஹூவர் என்பாரின் பெயர் உலகெங்கும் பரவியது. ஸ்பாங்க்ளரின் பெயரை இன்று தேடித்தான் அறியவேண்டியிருக்கிறது. துடைப்பம் பிடித்தவனே துடைப்பத்தின் துன்பத்தை அறிந்து மாற்றுக் கண்டான் என்பதால், இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே.

நம் நாட்டில் தூசியுறிஞ்சி பெரிதும் அறிமுகமானது யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம் 1982ஆம் ஆண்டில் தோன்றிய பிறகு. கழுத்துப்பட்டை அணிந்த இளைஞர்கள் வீடுவீடாக வந்து கதவைத் தட்டி, மெத்தையிலிருந்து தூசியை எடுத்துக் காட்டுவார்கள். வாங்கியவர் பலர், சில திங்களுக்குப் பின் அதைப் பரணில் ஏற்றியவரும் பலர். கம்பளத்திற்குப் பிறந்த கருவி, நீர் தெளித்துத் துடைக்கும் நம் தரையில் முழுப்பயன் தரவில்லை.

தானே இயங்கும் பொறி இதற்கு அடுத்த படி. சுவீடன் நாட்டு எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் 2001ஆம் ஆண்டில் ‘டிரைலோபைட்’ என்னும் பொறியை விற்பனைக்குக் கொணர்ந்தது. மறு ஆண்டு, 2002ஆம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவின் ஐரோபோ நிறுவனம் ‘ரூம்பா’வை வெளியிட்டது. அந்நிறுவனத்தைத் தொடங்கிய மூவருள் ஒருவரான ராட்னி புரூக்ஸ் பேராசிரியர், பூச்சிகளின் நடத்தையிலிருந்து பாடம் கற்றவர். எறும்புக்கு வீட்டின் வரைபடம் தெரியாது. ஆயினும் அது தன் வேலையை முடித்துவிடுகிறது அன்றோ! முதல் ரூம்பாவும் அவ்வாறே. சுழன்று செல்லும், எதிலேனும் முட்டினால் திரும்பும், சுவரோரமாக ஊரும், மறுபடியும் முட்டும். ஒரே இடத்தைப் பலமுறை பெருக்கி, எப்படியோ அறை முழுவதையும் முடித்துவிடும். பின்வந்த பொறிகள் லேசர் ஒளியாலும் ஒளிப்படக் கருவியாலும் வீட்டை அளந்து, வரைபடம் வரைந்துகொண்டு, ஒழுங்கான வரிசையில் செல்லக் கற்றுவிட்டன. ஈரத்துணியால் துடைப்பனவும் வந்துள்ளன.

இவற்றால் நன்மை உண்டா என்று கேட்டால், உண்டு என்றே சொல்வேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, முழங்கால் வலியோடு தனித்து வாழும் முதியோர் நம் ஊரில் பெருகிவிட்டனர். கட்டிலுக்கடியில் குனிந்து பெருக்க அவர்களால் ஆகாது. ஒரு சாண் உயரமும் இல்லாத இப்பொறி அங்கே எளிதில் நுழைகின்றது. இரைப்பு நோயினர் தூசியில் நிற்க வேண்டுவதில்லை. நாள்தோறும் சலிப்பின்றி ஓடுகின்றது. வேலையைப் பற்றிக் குறைகூறுவதும் இல்லை. குறைகூறக் கேட்டு வருந்துவதும் இல்லை.

தீமைகளும் உண்டு. அவற்றுட் சில நம் வீட்டின் அமைப்பால் வருவன. பழைய திருவரங்கத்து வீட்டில் ரேழிக்கும் கூடத்திற்கும் இடையில் வாசற்படி. கூடத்திற்கு நடுவில் முற்றம். இரண்டு விரற்கடை உயரத்திற்கு மேற்பட்ட படியைக் கண்டால் பெரும்பாலான பொறிகள் நின்றுவிடும். முற்றத்தின் விளிம்பை அடியில் உள்ள அகச்சிவப்பு ஒளியால் உணர்ந்து திரும்பிவிடும் என்பது உண்மை. ஆனால் அதே உணர்வினால், கருநிறக் கரையிட்ட தரையைப் பள்ளம் என்றெண்ணித் தயங்குவனவும் உள. பூசையறையில் அரிசிமாவால் இட்ட கோலத்திற்கும் சிந்திய மாவிற்கும் வேற்றுமை அறியாது. எறும்பிடம் பாடம் கற்ற பொறி, எறும்புக்கென்று இட்ட உணவைக் கவர்ந்து செல்வதை என்னென்பது! நீண்ட கூந்தல் உருளையில் சிக்கினால் கத்தரி கொண்டு வெட்டி எடுக்க வேண்டும். அதற்கும் தரையில் குனிந்து உட்காரத்தானே வேண்டும்?

மற்றொரு தீமை கண்ணுக்குத் தெரியாதது. வீட்டை அளந்து பார்க்கும் பொறி, வீட்டைப் பற்றி அறிந்தும் கொள்கிறது. சோதனைக்கென 2020ஆம் ஆண்டில் வீடுகளில் ஓடிய பொறிகள் எடுத்த அந்தரங்கமான படங்கள் சில இணையத்தில் வெளிப்பட்டதை 2022ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க ஏடு எடுத்துக்காட்டியது. அதே ஆண்டில் ஐரோபோவை விலைக்கு வாங்க முன்வந்த அமேசான் நிறுவனம், 2024 சனவரியில் அம்முயற்சியைக் கைவிட்டது. 2025 டிசம்பரில் ஐரோபோ கடன் தாளாமல் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது. பொறியை வாங்குபவர் அதைச் செய்த நிறுவனத்தின் ஆயுளையும் கருத வேண்டிய காலம் இது. துடைப்பத்திற்கு அக்கவலை இல்லை.

இவற்றை எல்லாம்விட என் மனத்தை உறுத்துவது, வீட்டுவேலை செய்து பிழைக்கும் பெண்களைப் பற்றிய எண்ணம். காலையில் நான்கைந்து வீடுகளில் பெருக்கித் துடைத்து, பாத்திரம் தேய்த்து, பிள்ளைகளைப் படிக்க வைப்போர் அவர்கள். 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் அவர்களுக்கென நல வாரியம் 2007ஆம் ஆண்டில்தான் அமைந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு அவர்களின் உரிமைக்கான உடன்படிக்கையை 2011ஆம் ஆண்டில் ஏற்றது. இவ்வளவு காலந்தாழ்ந்து அறிந்தேற்கப்பட்ட தொழிலாளரின் கையிலிருந்து வேலையைப் பறிக்க ஒரு பொறி வருவது நியாயமா என்று கேட்பவர் உளர். அவர்கள் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால், குனிந்து பெருக்கும் வேலை நிலைத்திருக்கட்டும் என்று வேண்டுவோர் பெரும்பாலும் குனியாதவர்களே என்பதையும் கருத வேண்டும். பொறி வாங்கியதும் கூலியைக் குறைப்பது அநீதி. பொறி பெருக்குகையில் அவ்வம்மையார் சமையலுக்கோ முதியோர்க்கோ துணைநின்று அதே ஊதியமோ கூடுதலோ பெறுவாராயின், அதில் குறை காண்பதற்கில்லை. எது நடக்கும் என்பது பொறியைப் பொறுத்தது அன்று. வீட்டுத் தலைவரைப் பொறுத்தது.

வீட்டுப் பெண்டிரின் சுமையேனும் குறைந்ததா? ரூத் சுவார்ட்ஸ் கோவன் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியை 1983ஆம் ஆண்டில் எழுதிய நூலில், புதிய கருவிகள் வந்தபின் தூய்மையின் அளவுகோல் உயர்ந்து, தாய்மாரின் வேலை குறையாமலே நின்றதைக் காட்டினார். இந்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் 2019ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டனர். 2024ஆம் ஆண்டில் பெண்களுக்கு 289 நிமிடம், ஆண்களுக்கு 88. ஐந்தாண்டில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆண்கள் தமக்கு ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டார்கள்! என்னிடம் வந்த அந்த இரு தந்தையரை இங்கே நினைவுகூர்கிறேன்.

கூடத்துத் தூசியைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டோம். அதே வீட்டின் கழிவுநீர் தெருவின் அடியில் ஓடுகின்றது. அக்குழிக்குள் மனிதனை இறக்குவதைத் தடைசெய்யும் சட்டம் 2013ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அங்கே மாண்டவர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வழங்குமாறு உச்சநீதிமன்றம் 2014ஆம் ஆண்டில் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டி வந்தது என்றால் சாவு நின்றபாடில்லை என்பதே பொருள். கேரளத்து இளம் பொறியாளர்கள் சிலர் கூடி ‘பாண்டிகூட்’ என்னும் பொறியைச் செய்து, 2018ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் இயக்கிக் காட்டினர். குழியின் வாயில் நின்று, தன் கைகளை உள்ளே இறக்கி, கசடை அள்ளி மேலே கொணரும் பொறி அது. இயக்குபவர் மேலே நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கூடத்தைப் பெருக்கும் பொறியை எவரும் கடைக்குச் சென்று வாங்கிவிடலாம். இதனை நகராட்சியும் மாநகராட்சியுமே வாங்க வேண்டும். வாங்குமாறு கேட்க வேண்டியவர்கள் வரி செலுத்தும் நாம்.